வாடை படாத தட்டு

பெரியம்மாவின் கை எவ்வளவு கனம் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கன்னத்தால் தெரியும். என் அம்மாவை அடித்திருக்கிறாள். மாமாவை அடித்திருக்கிறாள். கல்யாணமான புதிதில், குடித்துவிட்டு வந்து தலைமுடியைப் பிடித்த புருஷனின் முன்பல்லைப் பெயர்த்து, அந்தப் பல்லை ஒரு தீப்பெட்டியில் போட்டு, அவர் பெட்டியோடு கிளம்பும்போது மறக்காமல் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அவர் திரும்பி வரவில்லை.

"பல்லுக்காகவாவது வருவாருன்னு நெனச்சேன். அதையும் நானே குடுத்து அனுப்பிட்டேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அடிப்பது அவர்கள் வீட்டில் தகப்பன் வழி வந்தது. தாத்தா ஒரு தைலக் கம்பெனியில் வாலை காய்ச்சுகிறவராக இருந்தார். புல்லையும் இலையையும் பெரிய இரும்பு அண்டாவில் திணித்து, அடியிலிருந்து நீராவி ஏற்றி, வாசனை எண்ணெயைப் பிரித்தெடுக்கிற கலத்துக்கு வாலை என்று பெயர். பகலெல்லாம் அந்தச் சூட்டில் நின்றுவிட்டு வருகிறவர் வீட்டில் பெல்ட்டால்தான் பேசுவார். மூத்தவள் பெரியம்மா, நடுவில் என் அம்மா, கடைக்குட்டி மாமா. பெல்ட் உயரும்போது பெரியம்மா ஓடிப்போய்த் தம்பியின் மேல் குப்புறப் படுத்துக்கொள்வாள். அடி முழுக்க அவள் முதுகில் விழும். ஒரு நாள் எழுந்து பெல்ட்டின் மறுமுனையைப் பிடித்து இழுத்துத் திருப்பி வீசினாள். இரும்புக் கொக்கி பட்டுத் தாத்தாவின் புருவம் கிழிந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அவர், "கை நல்லா வீசுது" என்றாராம். அதற்குப் பிறகு அவள் மேல் கை வைக்கவில்லை. அவள் இல்லாத நேரம் பார்த்துத் தம்பியை மட்டும் வெளுத்தார்.

பின்னால் ஒரு நாள் வாலையின் மூடி தெறித்து அவர் கால் வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். காலோடு போனவர் கால் இல்லாமல்கூட உயிரோடு வரவில்லை. மாமாவுக்கு அப்போது விவரம் தெரிகிற வயது. வாசலில் பாய் விரித்துக் கிடத்தியிருந்த உடம்பில் வேட்டி ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததை மட்டும் பார்த்தார். ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டாலே அவர் எழுந்து போய்விடுவதற்கு அதுதான் காரணம்.

அப்பன் போன இடத்தில் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தார் முதலாளி. மாமா வளர்ந்ததும் வாலைக்குப் போனார். பெரியம்மா கம்பெனியின் சோதனை அறையில் குப்பி கழுவச் சேர்ந்தாள். நீளமான தகரக் கொட்டகை, அதன் ஒரு மூலையில் வெள்ளையடித்த சின்ன அறை. இடையில் ஒரு கண்ணாடி ஜன்னல். அவள் நிமிர்ந்தால் தம்பி தெரிவார். அவர் நீராவிக்குள்ளிருந்து கையை ஆட்டுவார்.

குப்பி கழுவியவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டு ஊற்றக் கற்றுக்கொண்டாள். கூழ் மாதிரி ஒன்றைக் காய்ச்சி வட்டக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி உறையவிட வேண்டும். அதன் மேல் கிருமியைத் தடவ வேண்டும். நடுவில் தைலத்தில் நனைத்த ஒரு காகிதப் பொட்டை வைத்து, உடம்புச் சூட்டில் இருக்கிற பெட்டிக்குள் அடுக்கி ராத்திரி முழுக்க மூடி வைக்க வேண்டும். காலையில் கிருமி தட்டு முழுக்க வெளுப்பாகப் படர்ந்திருக்கும். தைலம் கொல்லும் தைலமாக இருந்தால் பொட்டைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்காமல் ஒரு வளையம் தெளிவாகக் கிடக்கும். வளையத்தின் அகலம்தான் அந்தத் தைலத்தின் பலம். கம்பெனியில் அவளைத் தட்டக்கா என்றார்கள். "நான் செய்யறது கொலைடி. நானே வளர்ப்பேன், நானே கொல்லுவேன். அதுக்குச் சம்பளமும் தர்றாங்க" என்பாள் என்னிடம்.

தைலத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துச் சொல்கிற மெஷின் ஒன்று அந்த அறையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவள் கெமிஸ்ட், பெரியம்மாவைவிட வயதில் மிகவும் சிறியவள். மெஷின் கக்குகிற தாளில் சிகரமும் பள்ளமுமாகக் கோடு ஓடும். ஒவ்வொரு சிகரமும் ஒரு பொருள். கிராம்பு இலையில் யூஜினால் மலை போல நிற்கும். எலுமிச்சம்புல்லில் சிட்ரால். மழையில் அறுத்த புல்லுக்கும் வெயிலில் அறுத்த புல்லுக்கும் சிகரங்கள் மாறும். பெரியம்மா அதைத் தன் பாஷையில் புரிந்துவைத்திருந்தாள்.

"தைலம்னா ஒரே ஆள் இல்ல, ஒரு கும்பல். அதுல அடியாள் ஒருத்தனோ ரெண்டு பேரோதான். மத்தவன்லாம் வாசனைக்குக் கூட வந்தவன். இந்த யூஜினால் இருக்கானே, நேரா போய்க் கிருமியோட மேல்தோலை ஓட்டை போட்டுடுவான். உள்ள இருக்கறதெல்லாம் ஒழுகிச் செத்துப்போகும்."

"எல்லாத் தோலையும் ஓட்டை போடுவான்க்கா. பச்சையா ஊத்தினா நம்ம தோலையும்தான்" என்பாள் கெமிஸ்ட்.

"அடியாளுக்கு ஆள் அடையாளம் தெரியுமா?"

ஒவ்வொரு நாளும் தைலமே படாத வெறும் காகிதப் பொட்டு வைத்து ஒரு தட்டும் தயார் செய்வாள். கிருமி நல்லபடி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அதற்கு வெறுந்தட்டு என்று பெயர். அந்த ஒரு தட்டை மட்டும் அவள் சூட்டுப் பெட்டிக்குள் வைக்க மாட்டாள். பக்கத்து அறை அலமாரியின் உச்சியில், துவைத்த துணியைப் போர்த்தி, தனியாக வைப்பாள். அந்த ஊர் வெயிலுக்கு அங்கேயே கிருமி கொழுகொழுவென்று வளரும்.

"பெட்டிக்குள்ள தைல வாடை சும்மா சுத்திக்கிட்டு இருக்கும். அது பட்டா வெறுந்தட்டும் கெட்டுப்போகும். அப்புறம் எதை வெச்சு ஒப்பிடறது?"

அவளுடைய கவனத்தை முதலாளி எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுவார். கெமிஸ்ட்டும் அதில் தப்பு ஒன்றையும் பார்க்கவில்லை.

அதுவரை டிரம் டிரம்மாகச் சோப்புக் கம்பெனிகளுக்குத் தைலம் அனுப்பிக்கொண்டிருந்த முதலாளிக்குத் தன் பெயரில் ஒரு பாட்டில் கடைகளுக்குப் போக வேண்டும் என்று ஆசை வந்தது. புண் எண்ணெய். சமையலுக்கு ஆகிற சாதாரண எண்ணெயில் கிராம்பு இலைத் தைலமும் எலுமிச்சம்புல் தைலமும் கொஞ்சம் கலந்தது. தோல் எரியாத அளவுக்குத்தான் கலந்தார்கள். பெரியம்மா அதைப் பொட்டில் நனைத்துத் தட்டுகளில் வைத்து, அந்த வாரம் சோதனைக்கு வழக்கத்தைவிட நிறைய வந்திருந்த, எதுவும் கலக்காத பச்சைத் தைலத் தட்டுகளோடு சேர்த்துப் பெட்டிக்குள் அடுக்கினாள். காலையில் திறந்தபோது வளையமே இல்லை. தட்டு முழுக்க ஒன்றும் முளைக்கவில்லை. மறுபடி செய்தாள். மறுபடியும் அப்படியே. அலமாரியின் உச்சியில் வெறுந்தட்டு மட்டும் வெள்ளையாகப் பொங்கியிருந்தது.

"வளையம் எங்கம்மா?" என்றார் முதலாளி.

"வளையம் எதுக்கு முதலாளி, மைதானமே காலி."

அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். 'கிருமிகளை வேரோடு அழிக்கும்' என்று லேபிள் அச்சானது. கொட்டகைக்குப் பின்னாலிருந்த கிடங்கில் அட்டைப்பெட்டிகள் கூரையைத் தொட்டன.

அப்போதுதான் அந்தச் சண்டை நடந்தது. புல் ஏற்றி வந்த லாரி டிரைவரிடம் மாமா இறக்க மாட்டேன் என்றார். கட்டுக்குள் கைவிட்டுப் பார்த்திருந்தார். ஈரத்தோடு கட்டியதால் புல் உள்ளே வெந்து கிடந்தது. டிரைவர் படியில் உட்கார்ந்தபடியே பேசினான்.

"என்னய்யா கட்டுக்கட்டா மோந்து பாக்குற? பொண்ணு பாக்க வந்தியா?"

"பொண்ணு புளிச்சுப்போய் நாறுது. திருப்பி எடுத்துட்டுப் போ."

"உன் மூக்கே நீராவில வெந்த மூக்கு. அதுக்கு என்ன தெரியும்? உங்கப்பன் கால் வெந்த மாதிரி."

மாமா அவனைச் சட்டையோடு கீழே இழுத்தார். டிரைவர் இறங்கிய வேகத்தில் நெற்றியால் மாமாவின் மூக்கில் இடித்தான். இரண்டு பேரும் புல்லில் உருண்டார்கள். மாமா அவன் தாடையில் குத்திய குத்து வாலை வரைக்கும் கேட்டது என்று சுமை தூக்குகிறவர்கள் சொன்னார்கள். டிரைவர் கைக்கு எட்டியதை எடுத்தான். கட்டுகளைக் குத்தித் தூக்குகிற இரும்புக் கொக்கி. வீசியதைத் தடுக்க மாமா வலது கையை விரித்தார். கொக்கி உள்ளங்கையில் இறங்கி, சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே வெளியே வந்தது. மாமா கத்தவில்லை. கொக்கி தொங்கிய கையாலேயே அவன் முகத்தில் மறுபடி அடித்தார். கொக்கியின் பிடி பட்டு டிரைவரின் உதடு பிளந்தது.

கண்ணாடி ஜன்னல் வழியே இதைப் பார்த்த பெரியம்மா, குடுவை மாட்டுகிற ஸ்டாண்டின் இரும்புக் கம்பியை உருவிக்கொண்டு வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்தாள். டிரைவரின் முழங்காலில் ஒன்று. அவன் மடங்கியதும் தோளில் ஒன்று. மூன்றாவதற்கு ஓங்கியபோது சுமை தூக்குகிறவர்கள் அவளைக் குண்டுக்கட்டாகத் தூக்கினார்கள். தூக்கியவர்களில் ஒருவருக்கும் கம்பியால் கிடைத்தது.

டிரைவர் நொண்டிக்கொண்டே லாரியில் ஏறிப் போய்விட்டான். பெரியம்மா தம்பியின் கையைத் தன் தொடைமேல் வைத்து, அவரைக் கோட்டின் நுனியைக் கடித்துக்கொள்ளச் சொல்லி, கொக்கியை வந்த வழியே திருகி எடுத்தாள். சுற்றி நின்றவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள்.

"ஆஸ்பத்திரி வேணாம்க்கா" என்றார் மாமா. முகம் வெளுத்திருந்தது. "அக்கா, வேணாம்."

"யாரு போறா? நம்ம எண்ணெய் இருக்கு. ஒரு கிருமி மிஞ்சல, நான் கண்ணால பாத்திருக்கேன்."

முதலாளியே கிடங்கிலிருந்து பாட்டிலைக் கொண்டுவந்தார். முதல் பாட்டில் நம்ம ஆளுக்கே என்றார். பெரியம்மா காயத்துக்குள் வழிய வழிய ஊற்றி, துணியை எண்ணெயில் தோய்த்துச் சுற்றி இறுகக் கட்டினாள்.

மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெரியம்மாவின் வீட்டு மாடியறையில் இருந்தார். கை வீங்கியது. தினமும் அவள் மாடியேறிக் கட்டைப் பிரிக்காமலே மேலே மறுபடி எண்ணெய் ஊற்றினாள். வலிக்கிறது என்றால், "சாகறப்ப கிருமி சும்மாவா சாகும்" என்றாள். காய்ச்சல் வந்தது. அறை முழுக்கக் கிராம்பும் எலுமிச்சையும் மணத்தது. வாசனைக்குப் பயந்து ஒரு ஈகூட அந்தக் கட்டின் மேல் உட்காரவில்லை. அது நல்லது என்று எல்லோரும் நினைத்தோம். நானும் அம்மாவும் அடுத்த தெருவிலிருந்து கஞ்சி எடுத்துப் போவோம். ஒரு நாள் அம்மா கட்டின் மேல் குனிந்து முகர்ந்தாள்.

"அக்கா, ஏதோ வாடை வருது."

"தைல வாடை."

"அது மேல. அதுக்குக் கீழ இன்னொண்ணு இருக்குக்கா."

"எனக்கு வரல."

"உனக்கு எப்படி வரும்? காலம்பூரா தைலத்துல ஊறின மூக்கு. ஒரு தடவை பிரிச்சுப் பாரேன்."

பெரியம்மா அம்மாவின் கன்னத்தில் அறைந்தாள். கஞ்சிப் பாத்திரம் மாடிப்படியில் உருண்டு போனது.

"நீ மூக்கால பாக்குற. நான் கண்ணால பாத்தவ."

அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தெருவில் நடக்கும்போது, "என் தம்பி கை போயிடும்டி" என்றாள் என்னிடம். அவள் கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன.

புண் எண்ணெயை மொத்தமாக வாங்க வந்தவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். வேறு எந்தத் தைலமும் நுழையாத புதுப் பெட்டியில் ஒரு முறை சோதித்துக் காட்ட வேண்டும். கெமிஸ்ட் புதுப் பெட்டி ஒன்று வரவழைத்தாள். பெரியம்மா புண் எண்ணெய்த் தட்டுகளை மட்டும் அதில் அடுக்கி மூடினாள்.

காலையில் திறந்தவள் அசையாமல் நின்றாளாம். எல்லாத் தட்டுகளிலும் கிருமி பாலாடை போலப் படர்ந்து, பொட்டின் விளிம்பு வரைக்கும் வந்து, பொட்டின் மேலேயும் ஏறியிருந்தது. வளையம் என்று ஒரு மயிரிழைகூட இல்லை. அலமாரி உச்சியிலிருந்து வெறுந்தட்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"இதுக்கு முன்னாடி எப்படிக் காலியா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

கெமிஸ்ட் பழைய பெட்டியைத் திறந்தாள். உள்ளிருந்து வந்த காரமான காற்றில் இரண்டு பேருக்கும் கண் எரிந்தது. அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"புண் எண்ணெய் ஒண்ணையும் கொல்லலக்கா. அதுல இருக்கற கொஞ்சத் தைலத்தையும் அந்தச் சமையல் எண்ணெய் தனக்குள்ளயே பிடிச்சு வெச்சுக்குது, வெளிய விட மாட்டேங்குது. கொன்னது பக்கத்துத் தட்டுல இருந்த பச்சைத் தைலத்தோட ஆவி. மூடின பெட்டில அது எல்லாத் தட்டு மேலயும் போய் உக்காந்திருக்கு."

பெரியம்மா துணியைப் பார்த்தாள். வெறுந்தட்டின் மேல் வாடை படக் கூடாது என்று அவள் தினமும் துவைத்துப் போர்த்திய துணி. வாடை கொல்லும் என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. தெரிந்துதான் ஒரு தட்டை மட்டும் காப்பாற்றினாள். மற்றத் தட்டுகளையும் அது கொல்லுமே என்று நினைக்கவில்லை. வெறுந்தட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தால் அதுவும் செத்துக் காலியாகி, முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அவள் கொட்டகைக்குள் போய், வாலையின் மூடியைத் திருகுகிற பைப் ரெஞ்சை எடுத்துக்கொண்டாள். புல் கட்டுகிற கயிற்றில் ஒரு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டாள். ஓடினாள்.

வழியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "வாங்கடி" என்று மட்டும் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மா செருப்பைக்கூடப் போடவில்லை. நான் தெருமுனையில் நின்ற லோடு ஆட்டோவைக் கூப்பிட்டு வந்தேன்.

மாடியறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"திறடா. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"நீதானே எண்ணெய் போதும்ன."

"நான் சொன்னது தப்பு. திற."

"வர மாட்டேன். கைய எடுத்துடுவாங்க. அப்புறம் என்னையும் பாய்ல கட்டிக் குடுப்பாங்க."

"கை போனா பரவால்லடா. நீ வேணும்."

"எனக்குக் கை வேணும்க்கா."

அவள் ரெஞ்சால் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் அடித்தாள். பலகை பிளந்தது. மறுபடி அடித்தாள். கதவு ஒரு பக்கமாகத் தொங்கியது. மாமா மூலையில் உட்கார்ந்திருந்தார். கண்கள் காய்ச்சலில் மின்னின. இடது கையில் காய் நறுக்குகிற கத்தி.

"கிட்ட வந்தா குத்திடுவேன்."

"குத்து. குத்திட்டு வா."

அவர் வீசினார். பெரியம்மாவின் முன்கையில் கத்தி நீளமாகக் கோடு போட்டது. அவள் நிற்கவில்லை. ரெஞ்சால் அவர் முழங்கால் எலும்பில் ஒன்று வைத்தாள். அவர் அலறி முன்னால் விழுந்ததும் மேலே பாய்ந்து, சின்ன வயதில் பெல்ட்டுக்குக் குறுக்கே படுத்தது போலவே அவர் முதுகின் மேல் முழு உடம்பையும் போட்டாள். அவர் அவள் தோளைக் கடித்தார். நான் கால்களைப் பிடித்தேன். அம்மா கயிற்றைச் சுற்றினாள். கட்டுப்போட்ட கை மட்டும் கயிற்றில் படாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரலின் நுனி கறுத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "கொலையா, கல்யாணமா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் வேகமாக ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைக் கத்தரித்துத் திறந்தார். கிராம்பு வாசனைக்குக் கீழேயிருந்து மற்றது எழுந்து வந்தது. நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியம்மா அப்போதும் முகத்தைத் திருப்பவில்லை. அவளுக்கு அந்த வாடை வரவில்லை.

"யாரு இதை ஊத்தினது?"

"நான்."

"ஆழமான குத்து. அழுக்கு அடில இருந்திருக்கு. மேல எண்ணெய ஊத்தி மூடி போட்டிருக்கீங்க. உள்ள அது பாட்டுக்கு அழுகிக்கிட்டே போயிருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆளே கிடையாது." அவள் முன்கையைப் பார்த்தார். "இது என்ன?"

"இவன் போட்டது."

டாக்டர் அவளையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மிஞ்சின. மற்ற மூன்று விரல்களும் பாதி உள்ளங்கையும் போய்விட்டன. மாமா கண் விழித்தபோது பெரியம்மா கட்டிலின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முன்கையில் தையல். அவர் தன் கையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வாலையின் ஆவி ஆறி எண்ணெயும் தண்ணீருமாகக் குழாய் வாயில் சொட்டும்போது, இப்போது இல்லாத அந்த விரல்களை நீட்டிச் சூடு பார்த்துத்தான் அவர் தணலைக் கூட்டுவார், குறைப்பார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்தார்.

அவள் அழவில்லை. கன்னத்தை அவர் பக்கம் கொண்டுபோனாள்.

"அடிடா."

அவர் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அடி. மனசுல வெச்சுக்காத. ஒரு அறை விடு, கழிஞ்சுடும்."

"எந்தக் கையால?" என்றார் மாமா.

கோபமே இல்லாமல்தான் கேட்டார். பெரியம்மா எழுந்து வெளியே போனாள். வாழ்க்கையில் அவள் வாங்கியதிலேயே பெரிய அடி அதுதான் என்று என் அம்மா சொல்வாள்.

வெளியே போனவள் நேராகக் கம்பெனிக்குப் போனாள். கிடங்கு வாசலில் முதலாளி நின்று வேனில் அட்டைப்பெட்டிகளை ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். கெமிஸ்ட் புதுப் பெட்டித் தட்டுகளை அவரிடம் ஏற்கெனவே காட்டியிருந்தாள். மொத்தமாக வாங்க வந்தவர்கள் வாங்காவிட்டால் என்ன, சில்லறைக் கடைகள் இருக்கின்றன என்று அவர் முடிவு செய்திருந்தார்.

"அனுப்பாதீங்க."

"தம்பி எப்படி இருக்கான்மா? ஆக வேண்டியதை நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாத."

"இது ஒண்ணையும் கொல்லாது முதலாளி. வாசனையில அழுகலை மறைக்கும், அவ்வளவுதான்."

"காலின்னு சொன்னது யாரு? மைதானமே காலின்னு சொன்னது யாரு?"

"நான்தான். அன்னிக்குத் தெரியாம சொன்னேன். இன்னிக்கு நீங்க தெரிஞ்சு அனுப்பறீங்க."

"ஏத்துங்கய்யா" என்றார் முதலாளி, அவள் தலைக்கு மேலாக.

பெரியம்மா முதல் பெட்டியை இழுத்துத் தரையில் போட்டாள். பிறகு அடுக்கின் அடியிலிருந்த பெட்டியைக் காலால் உதைத்தாள். கூரை வரை நின்ற அடுக்கு சாய்ந்து வந்தது. ஆயிரக்கணக்கான பாட்டில்கள் ஒரே மூச்சில் உடைகிற சத்தம். சுமை தூக்குகிறவர்கள் பாய்ந்தார்கள். பாய்ந்தவர்கள் எண்ணெயில் வழுக்கி விழுந்தார்கள். எழுந்தவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மறுபடி விழுந்தார்கள். அவளும் விழுந்தாள். கண்ணாடிச் சில்லுகளின் மேல் முழங்காலில் நகர்ந்தபடியே பெட்டிகளை இழுத்து உடைத்தாள். ஒருவன் கொக்கியின் கட்டைப் பிடியால் அவள் தோளில் அடித்தான். காறை எலும்பு முறிந்தது. முறிந்த பிறகும் மற்றக் கையால் ஒரு பாட்டிலை எடுத்து எறிந்தாள். அது முதலாளியின் நெற்றியில் உடைந்து, எண்ணெயும் ரத்தமுமாக வழிந்தது.

"ஊத்திக்குங்க. வேரோட அழிக்கும்" என்றாள் தரையில் கிடந்தபடியே.

முதலாளி போலீசுக்குப் போகவில்லை. போனால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். வேனில் ஏற்ற ஒரு பெட்டியும் மிஞ்சவில்லை. பெரியம்மாவுக்கும் மாமாவுக்கும் வேலை போனது. கெமிஸ்ட் தானாகவே வேலையை விட்டாள். அந்தக் கிடங்கின் பக்கம் போனால் இன்றைக்கும் கிராம்பு மணக்கும் என்கிறார்கள்.

காறை எலும்பு கோணலாகக் கூடியதால் பெரியம்மாவின் ஒரு தோள் இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கெமிஸ்ட் சேர்ந்த வேறொரு கம்பெனியில் மறுபடி தட்டு ஊற்றுகிறாள். ஒவ்வொரு தைலத்துக்கும் தனிப் பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு வெறுந்தட்டு, துணி இல்லாமல். வெறுந்தட்டில் கிருமி முளைக்கவில்லை என்றால் அன்றைய தட்டுகள் மொத்தமும் குப்பைக்குப் போகும். மானேஜர் ஒரு முறை ஏன் இத்தனை வீண் என்று கேட்டிருக்கிறார். அவள் அவரைப் பார்த்த பார்வைக்குப் பிறகு கேட்பதில்லை. மாமா அங்கேயே வாலையில் இருக்கிறார். சூடு பார்க்க இடது கையை நீட்டுகிறார். ஆரம்பத்தில் அது தப்புத் தப்பாகச் சொன்னது. இரண்டு முறை புல் கருகியது.

இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சண்டை போடவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. சாப்பாடு போடுவாள், சாப்பிடுவார். ஒரு வார்த்தை உரக்க வராது. அந்த மாடியறைக்குப் புதுக் கதவு போட்டாயிற்று. அவர் ஒரு நாள்கூடத் தாழ் போடவில்லை.

போன வாரம் நாங்கள் அங்கே போயிருந்தபோது மாமா ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஜாடியை மார்போடு அணைத்து, மிஞ்சிய இரண்டு விரல்களால் மூடியைப் பிடித்திருந்தார். வழுக்கியது. மறுபடி பிடித்தார். பெரியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"குடுடா. நான் திறக்கறேன்."

"வேணாம்."

"உன்னால ஆகாது. குடு." ஜாடியைப் பிடுங்கினாள்.

மாமாவின் இடது கை எழுந்தது. அறை அவள் கன்னத்தைத் தப்பிக் காதில் விழுந்தது. ஒரு தோடு கழன்று தரையில் ஓடியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியம்மா திருப்பி அடிக்கப் போகிறாள் என்று இருவரும் காத்திருந்தோம்.

அவள் காதைத் தடவிப் பார்த்தாள். ரத்தம் வருகிறதா என்று விரலைப் பார்த்தாள். இல்லை.

"குறி தப்புதுடா" என்றாள். "இன்னும் கொஞ்சம் கீழ."

"பழகிடும்" என்றார் மாமா.

அவள் ஜாடியை அவர் மடியில் வைத்தாள். குனிந்து தோட்டைத் தேட ஆரம்பித்தாள். அவர் ஜாடியை மறுபடி மார்போடு அணைத்து, இரண்டு விரலால் மூடியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். நேரமாயிற்று. நாங்கள் யாரும் உதவிக்குப் போகவில்லை.